தலைச்சன் ரத்தம்

"பொய்யனைப் பிடிப்பது கஷ்டமா, முட்டாளைப் பிடிப்பது கஷ்டமா?"

ஒரு இன்ஸ்பெக்டர் முன்பு கலைமணியிடம் கேட்ட கேள்வி இது. வேடிக்கையாகத்தான் கேட்டார். கலைமணி கையிலிருந்த டீயைக் குடித்து முடித்துவிட்டுப் பதில் சொன்னாள்.

"முட்டாளைத்தான் சார். பொய்யனுக்கு ஒரு காரணம் இருக்கும். அதைத் தேடிப் போனா ஆள் கிடைப்பான். முட்டாளுக்குக் காரணமே இருக்காது. எங்கேன்னு தேடறது?"

இன்ஸ்பெக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். யாரைச் சொல்கிறாள் என்று அவர் யோசிக்கவில்லை.

அந்தக் கேள்வி வெள்ளிக்கிழமை காலை மறுபடியும் அவளுக்கு ஞாபகம் வந்தது. எதிர் நாற்காலியில் தனப்பிரியா என்ற நர்ஸ் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

சேலம் ஐந்து ரோட்டுப் பக்கம், ஒரு பரோட்டாக் கடைக்கு மேல்மாடியில் கலைமணியின் அலுவலகம். பிழைப்பு பெரும்பாலும் மாப்பிள்ளை விசாரணை. பையன் குடிப்பானா, சொன்ன வேலையில்தான் இருக்கிறானா, ஏற்கெனவே எங்காவது தாலி கட்டியிருக்கிறானா. இந்தச் சுற்றுவட்டாரத்தில் பாதிக் கல்யாணங்களை நிறுத்தியவள் என்று அவளுக்குப் பேர். மீதிப் பாதிப் பேர், முன்னாலேயே இவளிடம் வந்திருக்கலாமே என்று வருந்திக்கொண்டிருப்பவர்கள்.

உதவியாளர் செங்கோடன் அவளைவிட இருபது வயது மூத்தவர். போர்வெல் ரிக் வண்டி ஓட்டி, இந்தியா முழுக்கத் துளை போட்டுவிட்டு வந்தவர். இடுப்பு போய்விட்டதால் இப்போது கலைமணியின் கார். வாய் மட்டும் போகவில்லை.

"அழுதது போதும் அம்மிணி," என்றார் செங்கோடன். "கீழே பரோட்டாக்காரன், மேல யாருக்கோ கல்யாணம் நின்னுபோச்சுன்னு ஊரெல்லாம் சொல்லிடுவான்."

தனப்பிரியா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். சிதம்பரத்துப் பெண். "நான் லஞ்சம் வாங்கல மேடம்."

"யாரு வாங்கினேன்னு சொன்னது?"

"டாக்டர் அன்பழகன்."

விஷயம் இதுதான். சென்னையிலிருந்து டாக்டர் அன்பழகன் ஒரு ஆய்வு நடத்துகிறார். தாய் வயிற்றில் இருக்கும்போதே குழந்தைக்குள் எவ்வளவு ஈயம் போகிறது, போனால் பிற்பாடு அதன் பேச்சும் புத்தியும் எப்படி வளர்கின்றன என்று அளப்பது. திருச்செங்கோட்டுக்குத் தெற்கே இரண்டு ஊர்களை எடுத்துக்கொண்டார். ஒன்று ஈச்சங்காடு. அங்கே ஜீவானந்தம் என்பவர் பழைய லாரி பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் பட்டறை வைத்திருக்கிறார். இன்னொன்று பாறைமேடு. அங்கே பாறையும் ஆடும் தவிர வேறொன்றும் கிடையாது. புகை ஊர் ஒன்று, புகையில்லாத ஊர் ஒன்று. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியதுதான்.

குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடியிலிருந்து ரத்தம் எடுத்துக் குழாயில் அடைத்து, ஐஸ் பெட்டியில் வைத்துச் சென்னைக்கு அனுப்புவது தனப்பிரியாவின் வேலை. அந்தக் குழந்தைகளுக்கு இப்போது மூன்று வயது.

"எல்லாப் பிரசவமுமா?" என்று கேட்டாள் கலைமணி.

"இல்ல மேடம். தலைப்பிரசவம் மட்டும். முதல் குழந்தைன்னா கணக்கு சுத்தமா இருக்கும்னு டாக்டர் சொன்னார்."

"சரி. முடிவு என்ன வந்துச்சு?"

"தலைகீழா வந்துச்சு."

பட்டறை ஊரான ஈச்சங்காட்டு ரத்தம் சுத்தம். ஆட்டு ஊரான பாறைமேட்டு ரத்தத்தில்தான் ஈயம். பாறைமேட்டுப் பிள்ளைகள்தான் பேச்சில் பின்தங்கியிருக்கிறார்கள் என்றும் வந்தது. ஜீவானந்தம் மறுநாளே ஆளுயரத்துக்கு ஃப்ளெக்ஸ் அடித்துவிட்டார். 'விஞ்ஞானம் சொல்கிறது: ஈச்சங்காடு சுத்தமான ஊர்.' கைகூப்பி நிற்பது போல அவர் படம். அந்த முடிவைக் காட்டி இரண்டாவது உலை வைக்க மனுவும் போட்டுவிட்டார்.

டாக்டர் அன்பழகனுக்கு முகம் செத்துப்போனது. புகை அடிக்கிற இடத்தில் ஈயம் இல்லை, புகை இல்லாத இடத்தில் ஈயம் என்றால், சென்னையில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். தன் ஆய்வு தப்பாகப் போகும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அப்படித் தோன்றுகிற மாதிரி அவரை யாரும் வளர்க்கவில்லை. ஆகவே நர்ஸ்தான் தப்பு. ஜீவானந்தத்திடம் காசு வாங்கிக்கொண்டு இரண்டு ஊர்ப் பெட்டிகளையும் மாற்றி வைத்துவிட்டாள். திங்கட்கிழமை போலீஸில் புகார் கொடுக்கப் போகிறார்.

"கேஸ் ஆயிட்டா எனக்கு இனி எங்கயும் நர்ஸ் வேலை கிடையாது மேடம்," என்றாள் தனப்பிரியா.

"மாத்தினியா?"

"இல்ல."

"மாத்தணும்னா எப்படி மாத்தியிருப்பே?"

தனப்பிரியா அழுகையை மறந்து யோசித்தாள். "ஈச்சங்காட்டுப் பெட்டிக்குச் சிவப்பு மூடி. பாறைமேட்டுக்கு நீல மூடி. மூடியை மாத்தினாலே போதும்."

"நல்லது. வீட்டுக்குப் போ."

அவள் படியிறங்கிப் போன பிறகு செங்கோடன் கேட்டார். "இவ்வளவு சுளுவா மாத்தலாம்னு சொல்லுதே, மாத்தியிருக்காதுங்களா?"

"திருடியிருந்தா, அது ரொம்பக் கஷ்டம்னு நமக்குப் பாடம் எடுத்திருப்பா. வண்டியை எடுங்கண்ணா. பாறைமேட்டுக்குப் போலாம்."

"அங்க என்ன பாக்கப் போறோம்?"

"விஷம் ஏறின பிள்ளைகளை."

*

பாறைமேட்டில் வீடுகள் தள்ளித் தள்ளி இருந்தன. சில வீட்டுக் கதவில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு வட்டம் ஒட்டியிருந்தது. ஆய்வுக் குழு ஒட்டியது. ஈயம் உள்ள குழந்தை வீட்டுக்குச் சிவப்பு, இல்லாத வீட்டுக்குப் பச்சை. விஷத்தை எடுக்கத்தான் அவர்களுக்கு வழி தெரியவில்லை. ஒட்டத் தெரிந்திருந்தது.

"கடன் வசூலிக்க வர்றவன்கூட மானத்தை இப்படிக் கதவுல ஒட்டிட்டுப் போக மாட்டான்," என்றார் செங்கோடன்.

முதல் சிவப்பு வட்டத்து வாசலில் ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி ஆட்டுக்கு அகத்திக் குழை கட்டிக்கொண்டிருந்தாள். பேர் நல்லம்மாள்.

"குழந்தையைப் பாக்க வந்தமுங்க," என்றாள் கலைமணி.

"எந்தக் குழந்தைங்க?"

"கதவுல ஒட்டியிருக்குதே."

"அதுங்களா? அது எம்மவ சௌமியா பையனுக்கு ஒட்டுனது. அவன் இங்க இல்லீங்களே."

"எங்கே?"

"அவங்க ஊட்டுல." நல்லம்மாள் கதவைத் திரும்பிப் பார்த்தாள். "போன மழைக்கு அது உரிஞ்சு உழுந்துபோச்சுங்க. மறுக்கா வந்து புதுசா ஒட்டிட்டுப் போனாங்க. அக்கறையான ஆளுக."

"வந்தவங்க குழந்தையைப் பாத்தாங்களா?"

"இல்லீங்க. கதவைத்தான் பாத்தாங்க."

அடுத்த சிவப்பு வீட்டிலும் குழந்தை இல்லை. அதற்கடுத்த வீட்டிலும் இல்லை. ஒரு வீட்டில் தொட்டில் கட்டும் கொக்கியில் வெங்காயம் தொங்கியது. இன்னொரு வீட்டில் ஒரு கிழவர், "புள்ளைங்களா? நோம்பி பொங்கலுக்கு வரும், போயிடும்," என்றார். கிணற்றுத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது; கலைமணி ஒரு சொம்பு வாங்கிக் குடித்தாள். ஆடுகள் கொழுகொழுவென்று இருந்தன. ஒரு பழைய டார்ச் லைட் பேட்டரிகூட எங்கும் கிடக்கவில்லை.

"மேடம், எனக்கு ஒண்ணும் புரியலீங்க," என்றார் செங்கோடன். "ஊரெல்லாம் வட்டம் இருக்குது, புள்ளைக இல்லை. வட்டமே முழுங்கிடுச்சா?"

ஊர்க் கடைசியில் ஒரே ஒரு வீட்டுக் கதவில் பச்சை வட்டம். வாசலில் மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஒரு வெள்ளாட்டை மிரட்டிக்கொண்டிருந்தது. "ஏன் என்ற ரொட்டியத் தின்னே? கேட்டுட்டுத்தான தின்னோணும்? உனக்கு ஆரு சொல்லிக் குடுத்தா?"

"இது பேச்சுல பின்தங்கலீங்க," என்றார் செங்கோடன். "ஆடுதான் பின்தங்கியிருக்குது."

குழந்தை பேர் யாழினி. தாய் ஜோதி உள்ளேயிருந்து வந்தாள்.

"உனக்குத் தலைச்சனா?" என்று கலைமணி கேட்டாள்.

"ஆமாங்க்கா."

"பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போகலையா?"

ஜோதி சிரித்துவிட்டாள். "போனனே. அதோ, அந்த வேப்பமரத்து ஊடுதான் எங்கம்மா ஊடு. எனக்குச் சொந்தத் தாய்மாமனையே கட்டி வெச்சுட்டாங்க. கோவிச்சுக்கிட்டுப் போனாக்கூட, குழம்பு கொதிக்கறதுக்குள்ள திரும்பி வந்தறலாம்."

கலைமணி யாழினியின் கன்னத்தைத் தட்டினாள். அங்கிருந்து நேராக நல்லம்மாளிடம் போனாள். குனிந்து, ஒரே ஒரு கேள்வி கேட்டாள். நல்லம்மாள் ஆட்டைக் கட்டிக்கொண்டே பதில் சொன்னாள். கலைமணி காருக்குத் திரும்பியபோது அவள் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. செங்கோடனுக்கு அந்தச் சிரிப்பு தெரியும். யாரோ ஒரு மாப்பிள்ளைக்கு இனிக் கல்யாணம் நடக்காது என்று அர்த்தம்.

"ஆருங்க மேடம் பெட்டியை மாத்துனது?"

"யாருமே மாத்தலை."

"அப்ப எப்படிங்க தலைகீழாச்சு?"

"இப்பச் சொன்னா நீங்க சிரிச்சு வண்டியை வாய்க்கால்ல விடுவீங்க. ஈச்சங்காட்டுக்கு விடுங்க. டாக்டர் இன்னிக்கு அங்கதான் இருக்கார்."

*

ஈச்சங்காட்டில் அன்று குழந்தைகளுக்கு முகாம். மூன்று வயதுப் பிள்ளைகளுக்குக் கட்டைகளை அடுக்கச் சொல்லி, படம் காட்டிப் பேர் கேட்டு, வளர்ச்சியை மறுபடியும் அளந்தார்கள். சமுதாயக்கூடத்தில் ஏ.சி. கிடையாது. ஜீவானந்தம் வீட்டில் இருந்தது. எனவே முகாம் ஜீவானந்தம் வீட்டில். ஈயத்தை அளக்க வந்தவர், ஈயம் உருக்குகிறவர் வீட்டு ஏ.சி.யில் காற்று வாங்கிக்கொண்டு அளந்தார்.

வீட்டுக்கு எதிரிலேயே பட்டறை. தகரக் கூரைக்கு மேல் ஒரு குழாய், குழாய்க்கு மேல் புகை. வாசலில் இருந்த கொய்யா மரத்தின் இலையெல்லாம் சாம்பல் நிறம். கதவில் பச்சை வட்டம். அந்த வட்டத்துக்கு ஜீவானந்தம் பூமாலை போட்டிருந்தார்.

"வாங்கம்மிணி, வாங்க," என்றார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. இந்த ஊரில் அதை வெள்ளையாக வைத்திருக்க ஒரு ஆள் தனியாகத் துவைக்க வேண்டும். "துப்பறியறவங்களாமே? என்ற ஊட்டுல துப்பு ஒண்ணும் கிடைக்காதுங்க. எல்லாம் சுத்தம். கதவுல பாத்தீங்கல்ல? என்ற பேத்தி இந்த ஊட்டுலதான் பொறந்துது. பட்டறைக்கு எதிர்லயே. ஒரு பொட்டு ஈயம் இல்லை."

"பேத்தி எங்கேங்க?"

"மவ கூட. பாறைமேட்டுல, பஞ்சாயத்துத் தலைவர் ஊட்டுல குடுத்திருக்கறேன்."

"ஓ," என்றாள் கலைமணி.

"என்ற பையனுக்கும் அங்கதான் பொண்ணு எடுத்தேன். அதுதான் நான் பண்ணின ஒரே தப்பு." அவர் குரலைத் தாழ்த்தவில்லை. காபித் தட்டோடு வந்து நின்ற மருமகளுக்கு நன்றாகக் கேட்டது. கேட்க வேண்டும் என்றுதான் சொன்னார். "பேரனுக்கு மூணு வயசாச்சு. அப்பாங்கறதில்லை, தாத்தாங்கறதில்லை. கூப்பிட்டாத் திரும்பறதில்லை. எங்க வமுசத்துல இப்படி ஒண்ணு கிடையாது. எல்லாம் அந்த ஊருத் தண்ணி. விஞ்ஞானமே சொல்லிப்போட்டுது. என்ற பையன்கிட்ட வேற இடம் பாக்கலாம்னுகூடச் சொல்லியிருக்கறேன்."

மருமகள் சௌமியா காபியை ஒவ்வொருவருக்கும் எடுத்து நீட்டினாள். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. மூன்று வருடமாகக் கேட்டுப் பழகிய கை.

"காபி நல்லா இருக்குதுங்க," என்று செங்கோடன் சொன்னார். "ஊருத் தண்ணி நல்ல தண்ணி போல."

டாக்டர் அன்பழகன் ஒரு கையில் சானிடைசரோடு நாற்காலியில் இருந்தார். தனப்பிரியாவின் பேரைக் கேட்டதும் அவர் உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது.

"அந்தப் பெண்ணுக்காகவா வந்தீங்க? பாருங்க, இது விஞ்ஞானம். உங்களுக்குப் புரியாது. முழுசா தலைகீழான முடிவு தானாக வராது. மாத்தினாத்தான் வரும்."

"சரிங்க டாக்டர். நீங்க நடத்துங்க. நான் வேடிக்கை பாக்கறேன்."

முகாமில் இரண்டு வரிசை. வலது பக்கம் ஈச்சங்காடு, இடது பக்கம் பாறைமேடு. உதவியாளர் ஒருவன் பேர் படித்தான்.

"பாறைமேடு, இனியன்!"

சௌமியா காபித் தட்டைக் கீழே வைத்தாள். வீட்டுக்குள் போனாள். உள்ளேயிருந்து ஒரு பையனைத் தூக்கிக்கொண்டு வந்து பாறைமேட்டு வரிசையில் நின்றாள். பையன் கையில் பேட்டரி மூடிகள். சின்னச் சின்னச் சிவப்பு மூடிகள். இறக்கிவிட்டதும் தரையில் உட்கார்ந்து அவற்றை ஒரே கோடாக அடுக்க ஆரம்பித்தான். டாக்டர் கொடுத்த கட்டைகளை அவன் பார்க்கவே இல்லை.

"இந்தப் பையன் எந்த ஊர் டாக்டர்?" என்று கலைமணி கேட்டாள்.

"பாறைமேடு. இப்பத்தானே படிச்சாங்க?"

"எங்கேயிருந்து வந்தான்?"

டாக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். செங்கோடன்தான் பதில் சொன்னார். "சமையல்கட்டுல இருந்துங்க. நான் பாத்தேன்."

அறையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. "ரத்தம் பாறைமேட்டில் எடுத்தது. அதனால் அது பாறைமேட்டுக் குழந்தை."

"உங்களுக்குக் குழந்தை இருக்குதுங்களா டாக்டர்?"

"ஒரு பொண்ணு. அதுக்கும் இதுக்கும் என்ன?"

"பிரசவம் எங்க நடந்துச்சு?"

"காரைக்குடியில். மனைவியோட அம்மா வீட்டில்."

"அதுக்கு முந்தி உங்க மனைவி எங்க இருந்தாங்க?"

"சென்னையில. என்னோட. வளைகாப்பு முடிஞ்சுதான் போனா."

"உங்க பொண்ணு வயித்துல இருந்தப்ப எந்த ஊர்க் காத்தைச் சுவாசிச்சுது?"

"சென்னை..." என்று டாக்டர் ஆரம்பித்தார். அப்புறம் நிறுத்தினார்.

கலைமணி அவருக்கு நேரம் கொடுத்தாள். அவர் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்யவில்லை. கையில் சானிடைசர் மட்டும் போட்டுக்கொண்டார்.

"நான் மாப்பிள்ளை விசாரணை பண்றவ டாக்டர். எந்த ஊர் எந்த ஊருக்குப் பொண்ணு குடுக்கும்ங்கறதுதான் என் தொழில். ஈச்சங்காடும் பாறைமேடும் பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுக்கற ஊர். இந்த ஊர்ப் பொண்ணு அங்க வாழப் போகும். அந்த ஊர்ப் பொண்ணு இங்க வாழ வரும். ஆனா தலைப்பிரசவம் மட்டும் அம்மா வீட்டுல. நீங்க தலைப்பிரசவத்தை மட்டும்தான் எடுத்தீங்க. கணக்கு சுத்தமா இருக்கும்னு."

"அடங்கொப்பா!" என்று செங்கோடன் சுவரைப் பிடித்துக்கொண்டார். "வண்டில சொல்லாதது நல்லதாப் போச்சுங்க மேடம்."

"பாறைமேட்டுல பொறந்த தலைச்சன் பிள்ளைக பூரா ஈச்சங்காட்டு வயித்துல இருந்தது. ஏழாம் மாசம் வரைக்கும் அவங்க அம்மாக்கள் இந்தக் குழாய்க்குக் கீழதான் துணி காயப் போட்டாங்க. ஈச்சங்காட்டுல பொறந்ததெல்லாம் பாறைமேட்டு வயித்துல இருந்தது. நீங்க அளந்தது சரி. ரத்தம் சரி, பெட்டி சரி, மூடியும் சரி. ஊரைத்தான் மாத்திப்போட்டீங்க. நீங்களே."

"இது... ஊகம்," என்றார் டாக்டர். "பெட்டி மாறியிருந்தாலும் இதே முடிவுதான் வரும்."

"வராது. பாறைமேட்டுல ஒரே ஒரு பச்சை வட்டம் இருக்குது. ஜோதிங்கற பொண்ணு வீடு. அவ தாய்மாமனைக் கட்டினவ. பொறந்ததும் வாழறதும் ஒரே தெரு. ஊரைவிட்டு நகரவே இல்லை. பெட்டி மாறியிருந்தா அவ குழந்தைக்கு இந்த ஊர் ரத்தம் விழுந்து சிவப்பு வந்திருக்கும். அவளுக்கு மட்டும் ஏன் பச்சை வந்துச்சுன்னு நீங்க யோசிச்சீங்களா?"

"ஒண்ணு ரெண்டு அப்படி விலகி வரும். அதை நாங்க கணக்கில் எடுக்கறதில்லை."

"அதைத்தான் எடுத்திருக்கணும். பாறைமேட்டுச் சிவப்புக் கதவுகளை ஒரு தடவை தட்டியிருந்தீங்கன்னா, உள்ள குழந்தையே இல்லைன்னாவது தெரிஞ்சிருக்கும். மழைக்கு உரிஞ்ச வட்டத்தைத் திருப்பி ஒட்ட ஆள் அனுப்பின நீங்க, குழந்தை எங்கேன்னு கேக்க ஆள் அனுப்பலை. திங்கட்கிழமை போலீஸ் ஸ்டேஷனுக்குப் போங்க. நானும் வாரேன். உங்க பொண்ணு காரைக்குடியா சென்னையான்னு இன்ஸ்பெக்டர் முன்னால மறுபடி கேக்கறேன்."

டாக்டர் அன்பழகன் தொண்டையைச் செருமினார். அவமானத்திலிருந்து எழுந்து வர அவரைப் போன்றவர்களுக்கு ஒரு பாதை எப்போதும் இருக்கிறது. "புகார் இப்போதைக்குத் தேவையில்லை. வசிப்பிடம் குறித்து ஆய்வில் ஒரு சிறு வரம்பு இருந்ததாகத் திருத்தம் வெளியிடலாம்."

"சிறு வரம்பாமுங்க," என்றார் செங்கோடன். "நான் ராஜஸ்தான்ல போட வேண்டிய போரை ஒருக்கா பக்கத்துத் தோட்டத்துல போட்டுட்டேன். முதலாளி செருப்பைக் கழட்டினான். அவனுக்கு இந்த வார்த்தை தெரியலை பாருங்க."

*

இவ்வளவு நேரமும் ஜீவானந்தம் கால்மேல் கால் போட்டுச் சிரித்துக்கொண்டே இருந்தார். டாக்டரை ஒரு பெண் கிழிப்பதைப் பார்க்க அவருக்கு இனித்தது. அந்தப் பேச்சு தன் வாசலுக்கும் வரும் என்று அவருக்கு உறைக்க நேரமானது. முதலில் உலை ஞாபகம் வந்தது.

"ஏனுங்க டாக்டரே, அப்ப என்ற ரெண்டாவது உலை? மனுவுல உங்க முடிவைத்தான வெச்சிருக்கறேன்?"

டாக்டர் அவர் பக்கம் திரும்பவே இல்லை. ஏ.சி.யைக் கொடுத்தவரைக் கைவிட அவருக்கு ஒரு நிமிடம் போதுமாக இருந்தது.

"உலைக்கு இனி அந்த முடிவு உதவாதுங்க," என்றாள் கலைமணி. "எதிராத்தான் உதவும்."

"என்ற பேத்தி?" ஜீவானந்தம் கதவைக் காட்டினார். "அதுக்குச் சுத்தம்னு வந்துதே? அதுவும் பொய்யா?"

"அது நிஜம். உங்க மக பாறைமேட்டுல வாழ்ந்தா. ஆட்டு வாசனையைச் சுவாசிச்சுட்டு, ஏழாம் மாசம் உங்க வீட்டுக்கு வந்து பெத்துட்டுப் போனா. உங்க பேத்தியைக் காப்பாத்தினது அந்த ஊர். நீங்க மாலை போட்டு வெச்சிருக்கீங்களே, அது பாறைமேட்டுப் பச்சை."

ஜீவானந்தத்தின் கால் கீழே இறங்கியது.

"உங்க வீட்டுக்கு வர வேண்டிய வட்டம் வேற ஒரு கதவுல இருக்குது. நல்லம்மாள்னு ஒருத்தங்க. மகளை எந்த ஊர்ல குடுத்திருக்கீங்கன்னு அவங்களைக் கேட்டேன். ஈச்சங்காட்டுல, பட்டறைக்கு எதிர் வீட்டுலன்னு சொன்னாங்க."

தரையில் இனியன் மட்டும் மூடிகளை நகர்த்திக்கொண்டிருந்தான். கோடு சுவர் வரை வந்துவிட்டது. இனி எங்கே வைப்பது என்று தெரியாமல் கடைசி மூடியை வாய்க்குக் கொண்டுபோனான்.

"பையன் பேசாததுக்குக் காரணம் பூரா இதுதானான்னு டாக்டர் சொல்லட்டும்," என்றாள் கலைமணி. அவள் இப்போது ஜீவானந்தத்தைப் பார்க்கவில்லை. சௌமியாவைப் பார்த்துச் சொன்னாள். "ஆனா ரத்தத்துல இருந்தது இந்த ஊர் ஈயம். பொறந்த பிற்பாடும் இவன் வளர்றது இதே புகையிலதான். உன் ஊர்த் தண்ணியில ஒண்ணுமில்லை அம்மிணி. நான் குடிச்சுப் பாத்துட்டுத்தான் வாரேன்."

"இதெல்லாம் சும்மா..." ஜீவானந்தம் எழுந்தார். அவர் குரல் முதல் தடவையாகத் தாழ்ந்தது. "சௌமியா, நீ உள்ள போ சாமி. இவங்க பேசறதையெல்லாம்..."

சாமி என்று அவர் அவளைக் கூப்பிட்டது அதுதான் முதல் முறையாக இருக்க வேண்டும். சௌமியா அதற்காகத் தலை தூக்கவில்லை.

அவள் குனிந்தாள். இனியனின் வாயிலிருந்து அந்த மூடியை எடுத்தாள். பிறகு தரையில் இருந்த மூடிகளையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். ஒன்றுகூட விடவில்லை. எல்லாவற்றையும் காபித் தட்டில் போட்டு, தட்டை மாமனாரின் நாற்காலியில் வைத்தாள். அவர் உட்கார்ந்திருந்த இடம் இன்னும் சூடாக இருந்திருக்கும்.

பையனைத் தூக்கி இடுப்பில் வைத்தாள்.

"எங்க போறே?" என்றார் ஜீவானந்தம்.

அவள் படியிறங்கினாள். செங்கோடன் அவசரமாகச் சாவியை எடுத்துக்கொண்டு பின்னால் போய், "கண்ணு, வண்டி இருக்குது, கொண்டுபோய் விடறேன்," என்றார். அவள் நிற்கவில்லை. கேட்டைத் திறந்தாள். கொய்யா மரத்தைத் தாண்டினாள். பட்டறைக்கு நேராக வந்ததும் முந்தானையை இழுத்து இனியனின் மூக்கையும் வாயையும் மூடினாள். அப்படியே பாறைமேட்டு ரோட்டில் நடந்து போனாள்.